கம்பி நீட்டியவன்

வால்பரைசோவில், லொய்க்கா குன்றின் கம்பிவண்டி
ஒன்பது வருடமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது.
பெட்டிக்குள் புறா முட்டையிட்டது, பொரித்தது,
பேரன் பேத்தி எடுத்தது.
பிறகு சாந்தியாகோவிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள்.
ஒரு லாரி, இரண்டு ஜெனரேட்டர்,
புதுக் கம்பி ஒரு சுருள்.
நாலே நாளில் ஓடவிட்டார்கள்.

நாலு நாள்!
நகராட்சிக்கு நாங்கள் எழுதிய மனுக்களை அடுக்கினால்
அந்தப் பெட்டியே நிறைந்துவிடும்.

கதையில் நோட்டரி என்று ஒருவன்.
நிஜப்பெயர் யாருக்கும் தெரியாது.
துறைமுகத்தில் எந்தக் கண்டெய்னர் காணாமல் போனாலும்
அதன் காகிதத்தில் அவன் பச்சை மை இருக்கும்.
துப்பாக்கியைத் தொடமாட்டான்.
பேனா மூடியைக் கழற்றினால்
எங்கோ ஒருவன் செத்தான் என்று அர்த்தம்.
அவனைப் பிடிக்க இன்ஸ்பெக்டர் ஒயார்சூன்,
மூன்று நாள் தாடி, இடது தோளில் குண்டு,
கூரைக்குக் கூரை தாவுகிறார்.
ஒர்த்தென்சியா வீட்டுத் தகரம் நிஜமாகவே பொத்துக்கொண்டது.
அதற்குத் தனியாகப் பணம் வாங்கினாள்.

எனக்கும் ஒரு வேடம்: மேல் நிலையத்தில்
டிக்கெட் கொடுப்பவள்.
பதினாறு வருடம் அதே கூண்டில் அதைத்தான் செய்தேன்.
இப்போது அதற்கு மேக்கப் போட்டார்கள்.

நோட்டரி காசு வைப்பான். நான் சீட்டைக் கிழிப்பேன்.
பின்னாலேயே ஒயார்சூன், வியர்வையும் ரத்தமுமாக.
நான் அலறி ஒதுங்க வேண்டும்.
ஐந்து தடவை அலறினேன். ஒதுங்கினேன்.
ஆறாவது தடவை என்ன வந்ததோ,
கை தானாகச் சுழல்கதவின் மேல் விழுந்தது.
"காசு, ஐயா" என்றேன்.

பெரிய நடிகர். ஒரு கணம்
வசனத்தைத் தொலைத்துவிட்டார்.
துப்பாக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கோட்டுப் பையைத் தடவினார்,
கால்சட்டைப் பையைத் தடவினார்.
அதற்குள் பின்னறையில் நிபால்தோ விசையைத் திருப்ப
பெட்டி கிறீச்சிட்டு இறங்கத் தொடங்கியது.
கம்பியைப் பிடித்தே கம்பி நீட்டிவிட்டான் நோட்டரி.
இயக்குநர் 'கட்' சொல்லவில்லை.

மார்ச்சில் படம் வந்தது.
லொய்க்கா குன்று முழுக்கத் தியேட்டருக்கு இறங்கிப் போனோம்,
படிக்கட்டில். இருநூற்றுப் பதினொரு படி.
திரையில் ஒயார்சூன் எங்கள் ரொட்டிக்கடையில் இடப்பக்கம் திரும்பி
மூன்று குன்று தள்ளி, கல்லறை வாசலில் முளைத்தார்.
"பஸ் பிடிச்சிட்டாரா?" என்று ஒரு பையன் கத்த
அரங்கமே சிரித்தது.

பெட்டி நகர்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை.
சக்கரச் சத்தம் கேட்டதும்
நிபால்தோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.
பிறகு ஒரு கைதட்டல் எழுந்தது பாருங்கள்.
இறங்கிப் போகிறவன் ஏழு கொலை செய்தவன்,
தெரியும்.
அவன் போனால் போகட்டும், வண்டி ஓடட்டும் என்றுதான்
எங்களுக்கு இருந்தது.

கடைசியில் பிடித்துவிடுகிறார். மழை, கப்பல் தளம்,
பாரந்தூக்கியின் கொக்கி.
பிடிக்காமல் விடுவாரா,
நாங்கள் டிக்கெட் வாங்கியிருக்கிறோமே.

படப்பிடிப்பு முடிந்த அன்றே
புதுக் கம்பியைச் சுருட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள்.
வாடகைக் கம்பியாம்.
பழக்கதோஷம், அன்று மாலை நான் கல்லாவை எண்ணினேன்.
ஆறு காசு. ஆறும் கள்ளக்காசு.
அலுமினியம், பின்பக்கம் வெறும் வழவழப்பு.
அதை எந்தத் துப்பறிவாளரும் கேட்கவில்லை.

நேற்று சமையல் வாயு சிலிண்டரோடு ஏறி வந்தேன்,
நூற்று நாற்பதாவது படியில் ஒருமுறை உட்கார்ந்து.
நிலையத்துக் கதவில் 'மறு அறிவிப்பு வரும் வரை'
வெயிலில் வெளுத்து ஒட்டிக்கொண்டிருந்தது.
ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக
சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு
அடியில் இருந்த கையெழுத்தைக் குனிந்து பார்த்தேன்.
பெயர் புரியவில்லை.
மை நீலமா, பச்சையா,
அதுவும் சரியாகத் தெரியவில்லை.