வருகைப் பதிவேடு

கடியப்பட்டணத்துக்குக் கிழக்கே
மதில் முடிகிற இடத்தில் என் நாற்காலி.
கேட் காலை ஆறு முதல் மாலை ஆறு.
மேசைமேல் நோட்டு,
நோட்டில் நூல் கட்டித் தொங்கும் பேனா.
பேனாவையா திருடிவிடுவார்கள்,
வள்ளமும் வலையுமாய் நாலு லட்சம் கடனை
மணலில் போட்டுவிட்டு
வீட்டில் போய்த் தூங்குகிறவர்கள்?

பெயர். ஊர். வந்த நேரம். போன நேரம். நோக்கம்.

ஆரம்பத்தில் நோக்கத்தில் எல்லோரும்
'மீன்' என்று எழுதினார்கள்.
சலித்துப்போய், 'கடல்'.
அப்புறம் மேலே உள்ளதுக்குக் கீழே
இரண்டு சின்னக் கோடு.
சூசைமிக்கேல் மட்டும் ஒவ்வொரு நாளும் புதிதாய்:
'காத்து எப்படின்னு பாக்க.'
'நேத்து விட்ட செருப்பு.'
'சும்மா.'
ஒருநாள் 'வெளிக்கு இல்லை' என்று எழுதி
மேனேஜரிடம் எனக்குத் திட்டு வாங்கித் தந்தார்.

விருந்தாளிகள் எழுத வேண்டாம்.
அவர்கள் மணிக்கட்டில் ஆரஞ்சுப் பட்டை.

நானும் இந்தக் கரைக்காரன்தான்.
கயிறு அறுத்த முழங்காலோடு
கடலை விட்டுச் சம்பளத்துக்கு வந்தவன்.

சித்திரைக் கடைசி. நாலு பத்து.
மதிலுக்கு அந்தப்பக்கம்
ஒவ்வொன்றாய் எஞ்சின் அணைகிற சத்தம்.
நெத்தோலி.
இந்தப்பக்கம் கடவமும் சருவமுமாய்ப் பதினேழு பெண்கள்.
நடுவில் நானும் சாவியும்.
பாறைவழி சுற்றினால் இரண்டு கிலோமீட்டர்,
தலைச்சுமையோடு திரும்ப முடியாது.
"திறக்கியா இல்லியாலே?" என்றாள்
பெர்பெத்தம்மாள் மதினி.
"ஆறு மணிக்கு, மதினி."
"அத நெத்தோலிட்ட சொல்லு."

முட்டம் லைட்ஹவுஸ் வெளிச்சம்
அவர்கள் முகத்தில் வந்து வந்து போனது.
எண்ணினேன். ஏன் எண்ணினேன் தெரியாது.

ஆறு மணிக்குத் திறந்தபோது
மீனின் வயிறு உடைந்திருந்தது,
குளச்சல் வியாபாரியின் வேன் போயிருந்தது.
பதினேழு பேரும் வரிசையில் நின்று எழுதினார்கள்.
நோக்கத்தில் மதினி எழுதியது:
'கருவாடு.'

இரணியல் கோர்ட்டில் மூன்றாம் வருடமாய் வழக்கு.
சர்வேயர் விரித்த படத்தில்
எங்கள் வழி ஒரு புள்ளிக்கோடு.
படத்தில் மதில் இல்லை. கோடு நேரே கடலுக்குப் போகிறது.
எல்லைக்கல் ஒருவேளை
நீச்சல் குளத்துக்கு அடியில் இருக்கலாம் என்றார்.
சொன்னதோடு சரி, எழுதவில்லை.

ஊர் வக்கீல் என் நோட்டுகளை வரவழைத்தார். ஒன்பது நோட்டு.
"பாருங்கள், தினமும் நடந்திருக்கிறார்கள்."
கம்பெனி வக்கீல் அதே நோட்டை வாங்கிப் புரட்டி,
"பாருங்கள், தினமும் கேட்டிருக்கிறார்கள்."
சூசைமிக்கேலின் செருப்பு
இரண்டு கட்சிக்கும் சாட்சி சொன்னது.
வாய்தா போட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில்
தொண்டையில் முள்ளாய் அந்தச் சொல்.
கேட்டிருக்கிறார்கள்.
கேட்க வைத்தது யார்?
அந்தப் பேனாவை நீட்டிக்கொண்டு
மூன்று வருடம் உட்கார்ந்திருந்தது யார்?

நேற்று நாலு மணி. எஞ்சின் அணைகிற சத்தம்.
கேட்டைத் திறந்தேன்.
மதினி பழக்கதோஷத்தில் மேசைப்பக்கம் திரும்பினாள்.
நூலை அறுத்துப் பேனாவை
நான் சட்டைப்பையில் போட்டிருந்தேன்.
"எதுலலே எழுத?"
"போங்க மதினி. மீன் கெட்டுரும்."

ஒன்பது மணிக்கு மேனேஜர் வந்து புரட்டினார்.
தேதி மட்டும் போட்ட பக்கம்.
"ராத்திரி யாரும் வரலியா?"
"யாரும் வரல்ல, சார்."
அவர் ஷூவுக்குக் கீழே
வழுவழுக்கும் கல்தளத்தில்,
கடல் பக்கமிருந்து கேட் வரைக்கும்
கடவம் ஒழுகின ஈரமும்
வெயில் பட்ட செதிலுமாய்
ஒரு புள்ளிக்கோடு.