கூடும்

கும்மாளம்மன் கோயில் தெருவில் என் ஜெராக்ஸ் கடை.
ஒற்றைச் சுவர் தாண்டினால் தேசிங்கின் லேத்.
அவன் இரும்பைக் கடையும்போது
என் கண்ணாடி மேல் கிடக்கும் ரேஷன் கார்டு நடுங்கும்.
நகலில் குடும்பத் தலைவிக்கு
இரண்டு மூக்கு விழும்.

ஓர் ஆவணி வெள்ளி, கரண்ட் இல்லை.
எஸ்.ஐ. ஒரு தாளோடு வந்து நின்றார்.
"மூணு காப்பி."
காத்திருந்த நேரத்தில் படித்தேன்.
துப்பாக்கி என்றால் துப்பாக்கி மட்டுமில்லையாம்,
அதன் விசையும், சுருளும், ஊசியும்
தனித்தனியே துப்பாக்கிதானாம்.
காப்பிக்கு ஆறு ரூபாய். தரவில்லை.
"நீயும் வா. ஒரு கையெழுத்து."

கழிவுத்தூள் வாளிக்கு அடியில்
சுண்டுவிரல் நீளத்தில் ஒன்று.
"இன்னாடா இது?"
"ஆர்டர் சார். நாப்பது கேட்டாங்க.
தையல் மிஷினுக்குன்னாங்க."
"யாரு?"
"ஹெல்மெட் கழட்டல சார்."

மகசரில் என் பேர், அப்பா பேர், வயசு.
பொருள் எண் நான்கு: இரும்பு ஊசி.

பதினாலு மாதம் கழித்து
லேபிலிருந்து வந்தது ஒரே ஒரு வரி:
நாட்டுத் துப்பாக்கி ஒன்றில் பொருந்தக்கூடும்.
பொருந்தும் என்றில்லை.
பொருந்தாது என்றும் இல்லை.
அந்தக் 'கூடும்'முக்கு முன்பணமாக
புழலில் எழுபத்தொரு நாள்
ஏற்கெனவே கட்டியிருந்தான் தேசிங்கு.

ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் அரக்கு உடைத்து
என் உள்ளங்கையில் வைத்தார்கள்.
துரு. ஓர் ஏலக்காய்க் கனம்.

என் மிஷினில், தாள் இழுக்கும் உருளைக்கு உள்ளே
இதே நீளத்தில் ஒன்று இருக்கிறது.
பழையது தேய்ந்தபோது
தேசிங்குதான் கடைந்து போட்டான்,
ஒரு டீக்கு.
சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.
பிறகு என் கடைக்கும் ஒரு வாளி,
ஒரு மகசர், இரண்டு சாட்சி
என்று கணக்கு ஓடியது.

"அன்னிக்கு நீங்க பார்த்தது இதுதானா?"
"இதுவா இருக்கக்கூடும் ஐயா."
தட்டச்சு செய்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.
வாய்தா, அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி.

பாரிமுனையில் பஸ்ஸுக்கு நின்றோம்.
என் மேல் கோபமா என்று கேட்கவில்லை நான்.
அவனே சொன்னான்:
"உன் மிஷினு சத்தம் சரியில்ல.
உள்ள அந்தப் பின்னு தேஞ்சிருக்கும்."
"போட்டுக் குடேன்."
"நீட்டா எதுவும் கடையறதில்ல இப்போ.
வாஷர் வேணுமா, கேளு."

நகலில் தாளின் ஓரம் மடிந்தே வருகிறது.
கேட்பவர்களிடம் சொல்கிறேன்,
சரியாகிவிடக்கூடும்.