ஒரு மீனுக்கு நாலு கத்தி

நவம்பர் கடைசியில் வார்டோவுக்குப் போனால்
சூரியன் ஏற்கெனவே விடுப்பில் போயிருக்கும்.
எங்களுக்கு ஒதுக்கிய வாடகை வீட்டில்
நான்கு படுக்கை, ஒரு குளியலறை,
ஒரே ஒரு நல்ல வாணலி.
சின்ட்ரே மருத்துவம், வில்டே செவிலியம்,
யூஸ்டைன் இயன்முறை,
நான் மருந்தியல்.
ஆறு வாரம் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள் என்று
ட்ரோம்சோவிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.
முதல் வாரம் சேர்ந்து கற்றது
வாணலியை யார் கழுவுவது என்பதை.
அதிலும் ஒருமித்த கருத்து இல்லை.

முதியோர் இல்லத்தின் ஏழாம் அறையில்
போர்ஹில்ட்.
வயது எண்பத்து நான்கு. மீன் ஆலையின்
வெட்டு மேசையில் முப்பத்தொரு வருஷம்.
இருபது நாளில் மூன்று முறை விழுந்திருந்தார்,
மூன்றும் இரவில்.
நான்கு நாற்காலி போட்டு நாங்கள் உட்கார்ந்ததும்
ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"ஒரு மீனுக்கு நாலு கத்தியா?"

விழுந்தார் என்பது ஒரே சொல்.
சின்ட்ரே அதை இரத்த அழுத்தம் என்று எழுதினான்.
யூஸ்டைன், தொடைத் தசை என்று.
வில்டே எதுவும் எழுதாமல்
முழங்கையில் கன்றிப்போன இடத்தை
விரலால் அளந்தாள்.
நான் பதினோரு மாத்திரைகளின் பெயர்களை
மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாக.

அன்று ராத்திரி சமையலறையில்
காட் மீன் கருகும்வரை வாதம்.
அவரவர் படித்த புத்தகத்தின் கனத்துக்கு
அவரவர் குரல்.
"நீ சொல்வது காரணமில்லை, விளைவு."
"உனக்குக் கால் தெரியும், ஆள் தெரியாது."
நான் வாணலியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
என் முறை இல்லை, இருந்தாலும்.
அப்போதுதான் வில்டே கேட்டாள்:
நம்மில் யாராவது அவரை
இரவில் பார்த்திருக்கிறோமா?

நடைபாதையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம்.
இரண்டு மணி பத்து நிமிடம்.
போர்ஹில்ட் எழுந்தார், நன்றாகவே நடந்தார்,
குளியலறை வாசல் வரை.
அங்கே தரையில் ஒரு சாண் அகலத்தில்
கறுப்பு ரப்பர் பட்டை.
நின்றார்.
படகுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் தெரிவதுபோல்
காலை உயரத் தூக்கினார்.
வில்டே அதற்குள் ஓடிப்போய்
இடுப்பைப் பிடித்திருந்தாள்.

"அவருக்கு அது பள்ளம்" என்றான் யூஸ்டைன்.
பகலெல்லாம் அவரை அவன் நடக்க வைத்தது
பயிற்சி அறையின் வெள்ளைத் தரையில்.
எனக்குள் வேறொரு கணக்கு:
ஏன் எப்போதும் இரண்டு மணி?
விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணினேன்.
இரவு எட்டு மணிக்கு
நீர் பிரிக்கும் மாத்திரை.
காலையில் தரவேண்டியதை எட்டுக்கு மாற்றியது யார்?
சின்ட்ரே பழைய கோப்பைத் தோண்டினான்.
இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒற்றை வரி:
நோயாளி விருப்பம். காலையில் பிங்கோ.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்,
நாங்கள் நால்வரும் சேர்ந்து செய்த
முதல் காரியம் அதுதான்.

மாத்திரை மதியம் இரண்டுக்கு மாறியது,
பிங்கோவுக்குக் குந்தகம் இல்லாமல்.
அனுமதி வாங்கி, மண்டியிட்டு,
வருங்கால மருத்துவன் ஒருவன்
வெண்ணெய்க் கத்தியால் பட்டையைப் பெயர்த்தான்.
நான் டார்ச் பிடித்தேன்.
"இந்த முழங்காலை எனக்குக் காட்டு, வீங்கியிருக்கு"
என்றான் யூஸ்டைன்.
ட்ரோம்சோவின் படிவத்தில்
'உங்கள் துறையின் பங்களிப்பு' என்றொரு கட்டம்.
நால்வருமே அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தோம்.

ஒன்பது இரவு விழவில்லை.
பத்தாம் நாள், நட்டநடு மதியத்தில்,
மதியமும் இருட்டுதான் அங்கே,
கட்டிலருகே விழுந்தார்.
எலும்பு முறியவில்லை. காரணமும் கிடைக்கவில்லை.
வில்டே தலைமாட்டில், யூஸ்டைன் தோளடியில்,
சின்ட்ரேயின் விரல் நாடியில்.
தரையில் கிடந்தபடியே எங்களை எண்ணினார்:
"நாலும் வந்தாச்சா?"

எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை.
குனிந்து அவருடைய செருப்பைத் தேடினேன்.
கட்டிலுக்கு அடியில், சுவரோரம் போயிருந்தது.
என் கை எட்டவில்லை.
சின்ட்ரேவுக்கு நீளமான கை.