முட்டிக்கு மேலே

பட்டியலை டாக்டரம்மா தன் கையாலேயே எழுதித் தந்தார்.
தளர்வான நைட்டி நாலு. வழுக்காத செருப்பு.
ரத்தம் கொடுக்க ரெண்டு பேர்.
பழைய எக்ஸ்ரே எல்லாம், ஒன்று விடாமல்.

திருப்பிப் பார்த்தால்தான்
விஷயம் இருந்தது:
தரையில் உட்காரக் கூடாது.
குனிந்து எதையும் எடுக்கக் கூடாது.
கால்மேல் கால் போடவே கூடாது.

முப்பத்தோரு வருஷம்
குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும்
மாடி மாடியாய் ஏறி மீட்டர் பார்த்தவள் நான்.
உப்புக்காற்றில் துருவேறிய பெட்டிகளை
நகத்தால் நெம்பித் திறந்தவள்.
'இனிமே ஜெர்த்ரூத் அம்மா
கால்மேல் கால் போட்டு உட்காரலாம்' என்று
பிரிவுபசாரத்தில் மைக் பிடித்துச் சொன்னார் ஏ.ஈ.
அவரைத் தேடிப் போய்
இந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டும்.

ஆகவே
வீட்டை ஓரடி உயர்த்துகிறேன்.
கட்டில் கால்களுக்கு ரெண்டு ரெண்டு செங்கல்.
அரிசி டிரம் முக்காலிக்கு ஏறிவிட்டது.
அரிவாள்மணை எதிர்வீட்டுக்குப் போயிற்று.
'நல்வரவு' மிதியடியைச் சுருட்டி
பரணில் போட்டாயிற்று,
தடுக்குமாம்.
மாதா படம் ஒன்றுதான்
முன்பிருந்தே சரியான உயரத்தில் இருக்கிறது.

கலிவரதன் ரெண்டு நாள் கக்கூஸை உடைத்தார்.
'பதினேழு இஞ்சாம்மா, பத்தொன்பதா?'
உட்காரும் உயரத்தை
ஆயுளில் அளந்ததில்லை.
டேப்பைப் பின்னந்தொடையில் வைத்து
நானே பார்த்தேன்.
பதினெட்டரை.
ரீடிங் எடுத்தால் அரையை விடமாட்டேன்.

செங்கல் வைக்கும்போது
கட்டிலுக்கடியில், தூசிக்குள்,
தொலைந்தது என்று நான் அபராதம் கட்டிய டெஸ்டர்.
சுவரைப் பிடித்துக்கொண்டு
கொஞ்சம் கொஞ்சமாய்க் குனிந்து எடுத்தேன்.
கடைசியாகக் குனிந்தது எதற்கென்று
யாராவது கேட்டால்
சொல்ல ஒன்று இருக்கட்டும்.

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி.
உடனிருப்பவர் பெயர். உறவு.
மூன்று நாள் அதன்மேல் பேனா வைத்தபடி இருந்தேன்.

பெலிசித்தா கடலூர் முதுநகரில் இருக்கிறாள்.
ஒரு பஸ்தான்.
நாலு வருஷம்.
ஒன்பது அங்குலச் சுவர் யார் பங்கில் வருகிறது என்பதில்
ஆரம்பித்தது.
சுவர் இப்போது வேறு யாருக்கோ சொந்தம்.

ஏழாவது மணியில் எடுத்தாள்.
சொன்னேன்.
'எந்தப் பக்கம்?'
'இடது.'
'எனக்கு வலது. போன தவக்காலத்துலேர்ந்து.'
பிறகு கொஞ்ச நேரம்
அவள் பக்கத்து விசைப்படகின் சத்தம் மட்டும் கேட்டது.
'சரி. ரெண்டு பேருக்கும் சேத்து
ஒரு ஜோடியாச்சும் உருப்படியா இருக்கு. வரேன்.'

ஞாயிறு பூசை முடிந்து வந்தாள்.
பஸ்ஸிலிருந்து இறங்கும்போது
நோகும் காலை முதலில் வைத்தாள்.
யார் சொல்லிக்கொடுத்தார்களோ.
எனக்கும் யாரும் சொல்லவில்லை.

சுவரைப் பற்றிப் பேசவில்லை.
நேரே போய்ப் புதுக் கக்கூஸைப் பார்த்தாள்.
மூடியைச் சாத்தி அதன்மேல் உட்கார்ந்து,
எழுந்து,
இன்னொரு தரம் உட்கார்ந்து,
'எவ்ளோ ஆச்சு?' என்றாள்.
கலிவரதன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திங்கள் காலை ஆறரை. வெறும் வயிறு.
பால்காரரிடம் சொல்லியாயிற்று.
மெயினை அணைத்துவிட்டு
காலண்டர் ஓரத்தில் ரீடிங் எழுதினேன்.
'இது எதுக்குடி?'
'திரும்பி வந்து பாக்கணும்.'
'ஓடாத மீட்டர்ல என்னத்தப் பாப்ப?'
ஓடவில்லை என்பதைத்தான்.

கோரிமேட்டுக்கு ஆட்டோ.
நான் இடப்பக்கம் ஏறினேன், அவள் வலப்பக்கம்.
வலிக்கிற இடுப்பில் பாரம் விழாதபடி
அவள் என் பக்கமாய்ச் சாய்ந்தாள்,
நான் அவள் பக்கமாய்.
எக்ஸ்ரே பையை நடுவில் வைக்கப் பார்த்தேன்.
இடமில்லை.
டிரைவர் வாங்கித்
தன் காலடியில் வைத்துக்கொண்டார்.