ஏழாம் மாடியில் லிஃப்ட் நிற்காது

குவீன்ஸ்டவுனில் எங்கள் புளோக்கில்
ஒன்று, ஐந்து, ஒன்பது. அவ்வளவுதான்.
ஏழில் குடியிருப்பவர்கள்
ஐந்தில் இறங்கி ஏறலாம்
அல்லது ஒன்பதில் இறங்கி, இன்னும் இறங்கலாம்.
அக்கா தரையிலிருந்தே படி.
தோளில் பள்ளிப்பை, இடுப்பில் ஐந்து கிலோ அரிசி.
நான் லிஃப்டில் போய்ச் சேரும்போது
தண்ணீர் குடித்து முடித்திருப்பாள்.

முழுப்பெயர் செண்பகவல்லி.
ஒலிபெருக்கிக்கு அது அதிகம்.
ஃபேரர் பார்க்கில் மூன்றாய் உடைத்து
சென் பாக் வா என்று
ஒரு சீனப்பெண்ணை வரவழைத்தார்கள்.
அதற்கும் கையைத் தூக்கினாள்.

அப்பா மீட்டர் பார்ப்பவர்.
யார் வீட்டில் எவ்வளவு தண்ணீர்
எவ்வளவு கரண்டு ஓடியதென்று
அவருக்குத் தெரியும்.
அக்காவின் நேரங்களையும்
பழைய மீட்டர் புத்தகத்தில்தான் எழுதினார்:
முந்தைய அளவு, இந்த அளவு, வித்தியாசம்.
2:31.
2:26.
2:19.4.
இந்த மீட்டர் ஒன்றுதான்
பின்னோக்கி ஓடியது.
அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.
பென்சிலைச் சீவிக்கொண்டார்.

அம்மாவுக்கு மூன்றாம் ஷிப்ட், காலாங் பேசினில்.
நுண்ணோக்கிக்கு அடியில்
முடியைவிட மெல்லிய பொன்கம்பியைச்
சில்லில் ஒட்டும் வேலை.
ஒன்பது வருடத்தில்
எட்ட இருப்பதெல்லாம் கஞ்சியாகிவிட்டது.
தெரிந்தால் லைனிலிருந்து மாற்றிவிடுவார்கள் என்று
கண்ணாடி போடவில்லை.

‘எண்ணூறு மீட்டர் ஒரு கெட்ட தூரம்டா.
முதல் சுற்றில் கடன் வாங்கு,
ரெண்டாவதில் வாசலில் வந்து நிற்பான்.’
கோடாலித் தைலம் தேய்த்தபடி
என்னிடம் சொன்னாள் அக்கா.

எண்பத்து மூன்று, இறுதிப் போட்டி, ஞாயிறு காலை.
தூங்காமல் நேரே வந்தாள் அம்மா,
தொழிற்சாலை நீலக் கோட்டோடு.
எட்டுப் பேரில் இருவருக்குச் சிவப்புச் சட்டை.
கடைசிச் சுற்று மணி.
அம்மா பெஞ்சில் ஏறிக் கத்தினாள்:
வல்லி! விடாதே! விடாதே!
அவள் விரல் போன திசையில்
வேறொருத்தி போய்க்கொண்டிருந்தாள்.

நான் திருத்த வாயெடுத்தேன்.
அப்பா என் தொடையைக் கிள்ளினார்.

அந்த வேறொருத்தி ஜெயித்தாள்.
அக்கா நான்காவது.
அவள் வாழ்நாளில் ஓடியதிலேயே வேகம்.

வேர்வையோடு கட்டிக்கொண்டு அழுத அம்மாவின்
தோளுக்கு மேலே
அக்கா எங்களைப் பார்த்தாள்.
ஜெயிச்சிட்டேல்ல?
ஆமாம்மா.
பதக்கம்?
கிளப்பில வச்சிருப்பாங்க.

மறுநாள் லைன் முழுக்கக் குவே.
சூப்பர்வைசர் மேடம் சியாவுக்கு இரண்டு.

பிறகு மூன்று வருடம்.
ஜகார்த்தா போகும் பட்டியலில் பெயர் இருந்தது,
குதிகால் நரம்பு ஒத்துழைக்கவில்லை.
அப்புறம் தபால் நிலையம், கவுண்டர் நாலு.
நாலு என்னை விடாது என்பாள்.

போன மாதம் அம்மாவுக்குக்
கண்புரை எடுத்தார்கள், இரண்டு கண்ணிலும்.
எண்பத்தைந்து வயதில்
முதல் வேலையாக அலமாரியை ஒழித்தாள்.
அப்பாவின் மீட்டர் புத்தகம்.
கடைசிப் பக்கத்தில் 2:12.9.
பக்கத்தில்
அழித்துவிடலாம் என்பதுபோல் சின்னதாக
ஒரு 4.

நகத்தால் தடவிப் பார்த்தாள்.
எங்கள் தேநீர் ஆறியது.

‘அந்தப் பொண்ணு நல்லாத்தான் ஓடினா.
நீ ஏன்டி கடைசி வளைவுல
உள்ளே போய் மாட்டிக்கிட்டே?’

நாற்பது வருடம் கழித்து அக்காவுக்கு மூச்சு வாங்கியது.
மேசைத் துணியின் ஓரத்தைத் தடமாக்கி
சர்க்கரை டப்பாவை அந்தப் பெண்ணாக,
என் கோப்பையை வழிமறித்தவளாக வைத்து
இடமே இல்லம்மா, பார், என்று தொடங்கினாள்.

அம்மா டப்பாவை ஒரு விரல் நகர்த்தினாள்.
‘இல்லே.
அவ இங்கே இருந்தா.’