ஐஸ் குச்சி

குறிஞ்சிப்பாடியில் ஐந்தேகாலுக்கு ஒரு பேருந்து.
அதை விட்டால் வெயில் ஏறிவிடும்,
வெயில் ஏறினால் திட்டில் கால் வைக்கக் கூடாது.
பறவை எழுந்தால் முட்டை வெந்துவிடும்.
கலாவல்லி மேடம் சொன்ன முதல் விதி இது.
இரண்டாவது: எதையும் நம்பாதே, எழுது.

மூன்று மாதப் பயிற்சி. மாதம் ஆறாயிரம்.
இடப்பக்கம் பூஞ்சை பிடித்த பைனாகுலர் ஒன்று,
கூட்டுக்கு ஒரு தாள்,
தாளுக்குப் பன்னிரண்டு கட்டம்.
பரங்கிப்பேட்டையிலிருந்து வாப்பா கேட்டார்:
"குருவி எண்ணவா எம்.எஸ்ஸி. படிச்சே?"
குருவி இல்லை வாப்பா, ஆலா. ஆற்று ஆலா.
"கடல்ல இல்லாத ஆலாவா?"
ஆற்றிலும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது
என்று சொல்ல வந்து
"சாப்ட்டீங்களா" என்றேன்.

பெருமாள் ஏரி சித்திரையில் வற்றி
நடுவே ஒரு திட்டைக் காட்டும்.
ஊரில் அதற்குப் பெயர் கிடையாது.
வைரக்கண்ணு தோணியை அதன் விளிம்பில் சொருகிவிட்டு
பீடியோடு திரும்பி உட்கார்ந்துகொள்வார்.
தலைக்கு மேல் மஞ்சள் அலகும் கறுப்புத் தொப்பியுமாய்
ஒரே ஏச்சு.
என் முக்காட்டில் எச்சம் விழாத நாள் இல்லை.

கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை.
மாட்டுக் குளம்பு அழுத்தியது போல ஒரு பள்ளம்,
அதில் பிண்ணாக்கு நிறத்தில்
தூறல் விழுந்த மாதிரிப் புள்ளியோடு இரண்டோ மூன்றோ.
குனிந்து தேடிக்கொண்டே மிதித்துவிடலாம்.
அதற்குத்தான் குச்சி.
ஐஸ் குச்சியில் மார்க்கரால் எண் போட்டு
கூட்டுக்கு வடக்கே இரண்டடியில் நட்டேன்.
முப்பத்தொன்றோடு குச்சி தீர்ந்தது.
மிச்சம் நான்கை நோட்டில் வரைந்துகொண்டேன்:
அறுந்த செருப்பு,
நத்தை ஓடு,
காய்ந்த சாணி,
ஒன்றுமே இல்லாத ஓர் இடம்.

மதியங்களில் கரையில் இருந்தேன்,
கருவேல நிழல் நகர நகர நானும் நகர்ந்து.
ஒரு தாய் ஏரிக்குப் போய் அடிவயிற்றை நனைத்துக்கொண்டு
ஈரத்தோடு ஓடிவந்து முட்டைமேல் அமர்ந்தது.
பதினொன்றிலிருந்து நான்கு மணிக்குள் பதினேழு தடவை.
அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.

இரண்டாம் வாரம் ஏழு கூடு காலி.
மூன்றாம் வாரம் இன்னும் பதினைந்து.
பன்னிரண்டாம் கட்டம், இழப்புக்குக் காரணம்:
காகம், நாய், நீர், மாடு, தெரியவில்லை.
ஐந்தில் ஒன்றைச் சுழிக்க வேண்டும்.
காகம், காகம் என்று சுழித்துக்கொண்டே வந்தேன்.
தப்பில்லை. கண்ணால் பார்த்தேன் அதை.
பறக்கவில்லை, நடந்தது.
ரேஷன் கடையில் அட்டை எண் கூப்பிடுவது போல
எட்டிலிருந்து ஒன்பதுக்கு,
ஒன்பதிலிருந்து பத்துக்கு.

செருப்புப் பக்கம் போகவே இல்லை.
நத்தைப் பக்கமும்.

மறுநாள் காலியான கூடுகளின் குச்சி ஐந்தைப் பிடுங்கி
வெறும் மணலில் நட்டுவிட்டு வந்தேன்.
காகம் வந்தது.
ஒவ்வொரு குச்சிக்கும் தெற்கே
சரியாக இரண்டடி தள்ளிக் கிளறியது.

இரவு மேடத்தைக் கூப்பிட்டேன்.
வெகுநேரம் பேசவில்லை அவர்.
பின்னால் குக்கர் இரண்டு முறை கத்தியது.
"என்னோட முறைதான் அது. பதினாலு வருஷமா."
அப்புறம்,
"பிடுங்கிடு நிலோஃபர். எல்லாத்தையும்."

இருபத்திரண்டு தாளிலும்
ஐந்துக்குக் கீழே ஆறு என்று போட்டு
என் பெயரை எழுதிச் சுழித்தேன்.
அறிக்கையில் அதை 'மனிதக் குறுக்கீடு' ஆக்குவார்கள்.
ஆக்கட்டும்.

கடலூர் பேருந்தில் மடியில் குச்சிக்கட்டு.
"ஐஸ் யாவாரமா தங்கச்சி?" நடத்துநர் கேட்டார்,
"எல்லாம் வித்துடுச்சா?"

"இருபத்திரண்டு" என்றேன்.

சில்லறை இல்லை என்று சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.
அதன் மேலேயே குறித்தேன்:
செருப்புக் கூடு, இருபதாம் நாள்.