ஆறாவது இடம்

மெயின் மாநிலத்தின் வடகோடியில்
இலையுதிர் காலத்தில் மூன்று வாரம்
உருளைக்கிழங்கு பொறுக்கப் பள்ளிக்கூடத்துக்கே லீவு.
அந்த லீவில்தான் விமானம் வந்தது,
விலாவில் கதவளவு ஓட்டையோடு,
கைவிடப்பட்ட படைத்தளத்தின்
புல் முளைத்த ஓடுபாதைக்கு.
வயலில் நிமிர்ந்த பிள்ளைகள்
வாளியைக் கீழே வைக்கவில்லையாம்.

ஜெர்மேன் உலெட் எதையும் பார்க்கவில்லை.
அவளுக்கு வந்தவை கோப்புகள், எண்பத்தொன்று,
இரவு பதினொரு மணிக்கு, சமையலறை மேசையில்,
தோல் உரிக்காத கிழங்குக் கூடைக்குப் பக்கத்தில்.

காயத்துக்கு ஓர் எண்.
காயம் வந்த வழிக்கு ஓர் எண்.
டி இருபத்துமூன்று, உள்ளங்கை வெந்தது.
டி முப்பத்துமூன்று, அதே ஆளின் காதுமடல் உறைந்தது.
நெருப்புக்கும் பனிக்கும் நடுவே பத்து எண்.
மேலே, முப்பத்தோராயிரம் அடியில்,
ஒரு நிமிடம்கூட இல்லை.

ஒய் முப்பத்தெட்டு என்று ஒரு பக்கம்.
பயங்கரவாதம். அதற்குள் புள்ளி ஒன்று, விமானம்.
யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து
வராத விருந்தாளிக்கு இலை போட்டதுபோல
முன்பே இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சொல்லை மருத்துவமனை சொல்லக் கூடாது.
மத்தியப் புலனாய்வுத் துறை சொல்லும்வரை
இது வெறும் தாக்குதல்,
மதுக்கடைச் சண்டைக்குப் பக்கத்து வீடு.
பதினொரு நாள் எண்பத்தொரு பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

சொன்ன பிறகு ஆறாவது இடம் திறக்கும்.
காப்பாற்றப் போன சீருடைக்கு ஒன்று.
பொதுமக்களுக்கு இரண்டு.
குண்டு வைத்தவனுக்கு மூன்று.
ஆமாம், அவனுக்கும் புத்தகத்தில் கட்டில் உண்டு.

ஒன்பதாம் படுக்கை.
இரண்டு நாள் பெயர் தெரியாது. பிறகு
நோதார் செலித்ஸே, திபிலிசி,
பல் மருத்துவருக்கு நாற்காலி விற்பவர்.
வெந்த கைகள். வாசலில் இரண்டு காவலர்.
நான்காம் பக்கத்தில் நர்ஸ் எழுதியிருக்கிறாள்:
கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுக்கிறார்.
முதல் பக்கத்தில் டாக்டர் எழுதியிருக்கிறார்:
இரு செவிப்பறைகளும் கிழிந்துள்ளன.

ஜெர்மேன் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள்.
ஊகிக்கக் கூடாது,
எழுதியதைத்தான் எண்ணாக்கலாம்.
செவிப்பறைக்கு உரிய எண்ணை இட்டாள்.
எழுந்துபோய்க் கிழங்கு உரித்தாள்,
தேவைக்கு மேல்.

பன்னிரண்டாம் நாள் அவருக்கு இரண்டு வந்தது.
காவலர் போய்விட்டார்கள், நாற்காலிகள் மட்டும் வாசலில்.
முடிக்கப் போனவள் ஆறாம் பக்கத்தில் நின்றாள்.
இடது மணிக்கட்டில் வளையமாகச் சிராய்ப்பு, சீழ்.
காரணம் எழுதப்படவில்லை.
டாக்டருக்கு எழுதினாள்: காரணம் தெரிவிக்கவும்.
மூன்று நாள் பதில் இல்லை. மறுபடி எழுதினாள்.
வந்தது ஒரே சொல்:
விலங்கு.

அதற்கும் ஒரு பக்கம் இருந்தது.
ஒய் முப்பத்தைந்து, சட்டத்தின் கை பட்ட காயம்.
அங்கேயும் ஆறாவது இடம்.
காவலருக்கு ஒன்று, அருகில் நின்றவருக்கு இரண்டு,
சந்தேகத்துக்கு உள்ளானவருக்கு மூன்று.
விரல் இரண்டின்மேல் கொஞ்சம் நின்றது.
பூட்டியபோது அவர் யார் என்பதுதான் கேள்வி,
இப்போது யார் என்பதல்ல.
மூன்றை அடித்தாள்.

இரண்டுக்குக் காப்பீடு பணம் கட்டியது.
மூன்றைத் திருப்பி அனுப்பியது:
இந்தக் காயம் விமானத்தில் ஏற்பட்டதல்ல.
அது சரிதான் என்பதுதான்
ஜெர்மேனுக்குத் தாங்கவில்லை.

டிசம்பரில் அவர் காதுக்காக மறுபடி வந்தார்.
கடைசி எழுத்தை மாற்றினால் போதும், மறுவருகை.
அடியில் நர்ஸின் கையெழுத்து:
கதவுக்கு முதுகு காட்டி உட்கார மறுக்கிறார்.
டாக்டர் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
நர்ஸின் வரிக்கு எண் கிடையாது.
இரண்டு முறை படித்தாள்.

அடுத்த கோப்பு,
பனி வாரும்போது வழுக்கி விழுந்தவர்.